சம்பந்தி வீட்டில் ஒயின் தயாரிக்கிறார்களாம்!

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்குச் சொந்த ஊர் உடன்குடி பக்கம். ஒரே மகள். கலிபோர்னியாவில் ஏழு வருடமாக சாப்ட்வேர் வேலை. போன மாதம் போனில் ஒரு பையனைப் பற்றிச் சொன்னாள். வெள்ளைக்காரப் பையன். அதைக்கூட நானும் அவள் அப்பாவும் ஒருவழியாக ஏற்றுக்கொண்டோம். பையன் வீட்டுத் தொழிலைக் கேட்டதும்தான் எனக்குத் தலை சுற்றிவிட்டது. மெண்டோசினோ என்ற இடத்தில் குடும்பமாக ஆர்கானிக் ஒயின் தயாரிக்கிறார்களாம். தாத்தா காலத்துத் தோட்டமாம். பையன் பெரிய படிப்பெல்லாம் படித்துவிட்டு அங்கேதான் திராட்சை பிழிகிறானாம். ‘சாராயம் காய்ச்சுற வீட்டுக்கா மதினி பொண்ணு குடுக்கப் போறீங்க?’ என்கிறார் என் கொழுந்தன். என் அப்பா பனங்காட்டுக்காரர். பதநீர் இறக்கி கருப்பட்டி காய்ச்சியவர். ஒருநாள்கூட கள் இறக்க விட்டதில்லை. அவர் பேத்தியா இப்படி? ஐப்பசியில் நல்ல முகூர்த்தம் இருக்கிறது என்று ஜோசியர் சொன்னார். மகளோ, ‘அந்த மாசம் அவங்களுக்கு வேலை இருக்கும்மா’ என்கிறாள். கல்யாணத்தைவிட அப்படி என்ன வேலை? நான் என்ன செய்யட்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தங்கச்சி, பனங்காட்டில் பிறந்துவிட்டு இதைக் கேட்கலாமா? அப்பா கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவதைப் பார்த்திருப்பீர்கள். தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். ஒரே பாளை, ஒரே கலயம். அடுப்பும் வேண்டாம், ஆளும் வேண்டாம், வெயில் ஏறினால் தானாகவே நுரைக்க ஆரம்பித்துவிடும். ஒயினும் அப்படித்தான். திராட்சையை நசுக்கித் தொட்டியில் போட்டால் பழத்தின் இனிப்பை ஈஸ்ட் தின்று தீர்க்கிறது, புளிக்கிறது. யாரும் எதையும் காய்ச்சுவதில்லை. காய்ச்சினால் அது பிராந்தி, வேறு சமாச்சாரம். உங்கள் கொழுந்தனாரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஒயினும் மதுதான். ஆர்கானிக் என்று லேபிள் ஒட்டிவிட்டதால் அது கஷாயம் ஆகிவிடாது. அந்த மழுப்பல் நமக்கு வேண்டாம்.

ஆனால் அந்த வீடுகளுக்குள் நடப்பது நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. சில வருடங்களுக்கு முன் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, தெரிந்தவர்கள் மூலம் அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஓர் இரவு அறுப்பைப் பார்த்தேன். பகல் சூட்டில் பறித்தால் பழம் வாடிவிடும் என்று நள்ளிரவுக்கு மேல் இறங்குகிறார்கள். நெற்றியில் விளக்கு, கையில் அரிவாள் மாதிரி வளைந்த சின்னக் கத்தி. கொத்து ‘சளக்’கென்று கூடைக்குள் விழுகிறது. டிராக்டர் பின்னால் நின்றுகொண்டு இலையையும் சருகையும் பொறுக்கி எறிந்துகொண்டிருந்த பெண்மணிதான் அந்த வீட்டின் மூத்த மருமகள் என்று பிறகுதான் தெரிந்தது. கை முழங்கை வரைக்கும் நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி நீலம் பாரித்துப் போயிருந்தது. விடிந்ததும் அதே கையால் எனக்கு முட்டை பொரித்துக் கொடுத்தார். அந்த வீட்டில் ஒருவரும் தள்ளாடவில்லை, தங்கச்சி. தூக்கத்தில்தான் தள்ளாடினார்கள்.

நீங்கள் சொல்லும் அதே மெண்டோசினோவில், ரெட்வுட் பள்ளத்தாக்கில் ஃப்ரே என்று ஒரு குடும்பம் இருக்கிறது. அமெரிக்காவின் முதல் ஆர்கானிக் ஒயின் ஆலை அவர்களுடையது. பால் ஃப்ரே, மார்கரீட் ஃப்ரே இருவருமே டாக்டர்கள். 1961-ல் அங்கே நிலம் வாங்கினார்கள். பிள்ளைகள் எத்தனை என்கிறீர்கள்? பன்னிரண்டு! நம் பாட்டிமார் தோற்றார்கள். 1960-களில் திராட்சை நட்டு, பழத்தை மற்ற ஆலைகளுக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். அப்படி இவர்கள் பழத்தை வாங்கிய ஓர் ஆலை, அதில் செய்த ஒயினுக்குத் தங்கப் பதக்கம் வாங்கிவிட்டது. ‘நம் பழத்துக்கு அவன் பதக்கம் வாங்குகிறானே’ என்ற எரிச்சல் எந்த விவசாயிக்குத்தான் வராது? 1980-ல் சொந்த ஆலை தொடங்கிவிட்டார்கள்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். மூத்த மகன் ஜோனதன், ஆலன் சாட்விக் என்ற இங்கிலாந்துக்காரரிடம் இயற்கைத் தோட்டக்கலை கற்கப் போனார். அங்கேயே அதே வேலையைக் கற்றுக்கொண்டிருந்த கத்ரீனாவைச் சந்தித்தார். கல்யாணம் ஆயிற்று. ஜோனதன் தொட்டியைப் பார்த்துக்கொள்ள, கத்ரீனா நிர்வாகத்தைக் கையில் எடுத்து, ஆலையின் நிர்வாக இயக்குநராகவே வெகுகாலம் இருந்தார். பன்னிரண்டு பிள்ளைகள் பிறந்த வீட்டில், ஆலையின் முகமாக ஊர் அறிந்தது ஒரு மருமகளை! மகளை எப்படிப்பட்ட வீட்டுக்கு அனுப்புகிறோமோ என்று கவலைப்படுகிற உங்களுக்கு இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

2017 அக்டோபரில் ஓர் இரவு அந்தப் பள்ளத்தாக்கில் காட்டுத்தீ இறங்கியது. ஃப்ரே குடும்பத்தின் ஆலையும், குடும்பத்தார் பலரின் வீடுகளும் எரிந்துபோயின. அறுப்பு நடந்துகொண்டிருந்த மாதம் அது. பள்ளத்தாக்கைவிட்டு அவர்கள் போய்விடவில்லை. அங்கேயே புது ஆலை கட்டிக்கொண்டார்கள்.

‘ஆர்கானிக்’ என்றால் என்ன என்று மகளிடம் கேட்டால் அரை மணி நேரம் பேசுவாள். நான் சுருக்கமாகச் சொல்கிறேன். நிலத்தில் மூன்று வருடமாவது ரசாயன உரமும் பூச்சிமருந்தும் படாமல் இருந்தால்தான் சான்றிதழ். சாம்பல் நோய்க்குக் கந்தகத்தூள் தூவலாம், அதற்கு அனுமதி உண்டு. ஒயின் கெடாமல் இருக்க மற்ற ஆலைகளில் சல்ஃபைட் சேர்ப்பார்கள். அமெரிக்க விதிப்படி பத்து லட்சத்தில் 350 பங்கு வரை போகலாம். ‘ஆர்கானிக் திராட்சையில் செய்தது’ என்று லேபிள் போட்டால் 100 வரைதான். ‘ஆர்கானிக் ஒயின்’ என்றே போடவேண்டுமானால் துளிகூடச் சேர்க்கக் கூடாது. உங்கள் அப்பாவுக்கு இது சட்டென்று புரிந்திருக்கும். சுண்ணாம்பு இல்லாமல் கலயத்தைக் காப்பாற்றுகிற மாதிரி. தொட்டியும் குழாயும் பளிச்சென்று இருக்கவேண்டும், ஒரு நாள் அசந்தால் போச்சு. நம் ஊரில் சுத்தபத்தம் என்பார்களே, அதை முதலாகப் போட்டு நடக்கிற தொழில்.

இவர்களில் சிலர் இன்னும் ஒருபடி மேலே போய், பசுமாட்டுக் கொம்பில் சாணத்தை அடைத்து, குளிர்காலம் முழுக்க மண்ணில் புதைத்துவைத்து, வசந்தத்தில் எடுத்துத் தண்ணீரில் கரைத்து ஒரு மணி நேரம் கலக்கித் தெளிப்பார்கள். பயோடைனமிக் என்று பெயர். ருடால்ஃப் ஸ்டைனர் என்ற ஆஸ்திரியத் தத்துவ அறிஞர் 1924-ல் ஆற்றிய உரைகளிலிருந்து வந்த முறை. ஃப்ரே குடும்பத்துக்கு 1996-ல் அந்தச் சான்றிதழும் கிடைத்தது. அமெரிக்காவிலேயே அதைப் பெற்ற முதல் ஒயின் ஆலை. கொம்புக்குள் என்ன சக்தி சேர்கிறதோ, எனக்கு அதில் நம்பிக்கை கொஞ்சம் குறைவு. சாணத்தில் நம்பிக்கை உண்டு. பஞ்சகவ்யம் பார்த்த கண்ணுக்குச் சம்பந்தி வீட்டுத் தொட்டி புதிதாகத் தெரியாது.

பெரிய படிப்பு படித்துவிட்டுத் திராட்சை பிழிகிறானே என்றும் எழுதியிருக்கிறீர்கள். பிரான்ஸில் நிக்கோலா ஜோலி என்பவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. முடித்து, ஜே.பி. மோர்கன் வங்கியில் வேலை பார்த்தவர். 1970-களில் அதை உதறிவிட்டு, லுவார் நதிக்கரையில் அம்மா கவனித்துக்கொண்டிருந்த தோட்டத்துக்குத் திரும்பினார். கூலே த செரான் என்று பெயர், ஏழு ஹெக்டேர்தான். களைக்கொல்லி அடித்தால் செலவு மிச்சம் என்றார்கள், அடித்தார். இரண்டே வருடத்தில் மண் நிறம் மாறிப்போனதைப் பார்த்துத் திகைத்து, எல்லாவற்றையும் நிறுத்தினார். இன்று அந்தத் தோட்டத்தில் ஒயின் செய்வது அவர் மகள். படித்த பையன் தோட்டத்துக்கு வந்தால் படிப்பு வீண் என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ‘அப்ப சரி’ என்று தேங்காய் உடைத்துவிடாதீர்கள். நீங்கள் பயப்படவேண்டிய விஷயங்கள் இருக்கின்றன, சாராயம் அதில் இல்லை. முதல் பயம் பணம். கொடி நட்டால் மூன்றாம் வருடம்தான் பழம். ஏப்ரலில் பனி கொட்டினால் துளிர் கருகிவிடும்; அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து தண்ணீர் தெளித்துக் காப்பாற்றவேண்டும். 2020-ல் காட்டுத்தீப் புகை படிந்தே பல தோட்டங்களில் பழம் வீணானது. 2024-ல் வாங்க ஆளில்லாமல் கலிபோர்னியாவில் எத்தனையோ பேர் பழத்தைக் கொடியிலேயே விட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் ஒயின் குடிப்பது குறைந்துகொண்டு வருகிறது. கொழுந்தனாருக்கு இது சந்தோஷச் செய்தி, சம்பந்திக்கு இல்லை. ஆகவே மகள் தன் வேலையை விடவே கூடாது. அதில் மட்டும் நான் பிடிவாதம்.

இரண்டாவது, பங்கு. நிலம் யார் பெயரில் இருக்கிறது, பையனுக்கு அண்ணன் தம்பி எத்தனை பேர், அவனுக்குச் சம்பளமா, லாபத்தில் பங்கா, ‘பிறகு பார்த்துக்கலாமா’? இந்தப் ‘பிறகு பார்த்துக்கலாம்’ நம் ஊரில் எத்தனை வீட்டை இரண்டாக்கியிருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லவேண்டாம். சனி ஞாயிறு அறுப்புக்கு மருமகளும் இறங்கினால் அது கணக்கில் வருமா, பாசத்தில் கழியுமா? கலிபோர்னியா சட்டப்படி கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சம்பாதிப்பது இருவருக்கும் பொது. அவனுக்கு வாரிசாக வரும் நிலமோ அவனுடையதுதான். அதனால் வக்கீல் வைத்து எழுதிக்கொள்ளலாமா என்று அவர்களே கேட்கக்கூடும். கேட்டால் கோபப்பட வேண்டாம். உங்கள் மகளும் தனக்கென்று ஒரு வக்கீல் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடட்டும்.

மூன்றாவதை மகளிடம் சொல்லிக் கவனிக்கச் சொல்லுங்கள். அங்கே பழம் பறிக்க வருபவர்கள் பெரும்பாலும் மெக்சிகோக்காரர்கள். போன வருடம் வந்தவர்களே இந்த வருடமும் வருகிறார்களா? சாப்பாட்டு வேளையில் அவர்களோடு வீட்டார் உட்காருகிறார்களா? பனையேறிக்கு உங்கள் அப்பா எந்தத் தூக்கில் கஞ்சி கொடுத்தார் என்று பார்த்துத்தானே ஊர் அவரை எடைபோட்டிருக்கும்?

மகள் குடிப்பாளோ என்ற கேள்வியை நீங்கள் எழுதவில்லை, வரிகளுக்கு நடுவே தெரிகிறது. முப்பதை ஒட்டிய பெண், ஏழு வருடமாக அங்கே இருப்பவள். குடிக்க நினைத்தால் அதற்குச் சம்பந்தி வீடு தேவையில்லை. ருசி பார்ப்பதே தொழிலாக இருப்பவர்கள் வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பிவிடுவார்கள். பக்கத்திலேயே ஒரு வாளி இருக்கும். பையன் மாலையில் எவ்வளவு குடிக்கிறான் என்பது வேறு கேள்வி. அதை மகளிடம் நேராகவே கேளுங்கள், சுற்றி வளைக்காமல்.

கடைசியாக முகூர்த்தம். ஆவணி பிற்பாதியிலிருந்து ஐப்பசி வரை அவர்களுக்கு அறுப்புக் காலம். ஐப்பசியில் பழம் தொட்டியில் நுரைத்துப் புளித்துக்கொண்டிருக்கும். ராத்திரியும் பகலும் யாராவது பக்கத்தில் நிற்கவேண்டும். பதநீர் அடுப்பில் கொதிக்கும்போது, பாகு பதம் வருவதற்குள், அப்பாவை யாராவது கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருந்தால் போயிருப்பாரா? ஜோசியரிடம் தை மாதத்தில் ஒரு நாள் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே கொடிகள் இலை உதிர்ந்து தூங்கும் மாதம் அது, கவாத்து வேலை மட்டும்தான் இருக்கும். பத்து நாள் விட்டுவிட்டு வரலாம். தை என்றால் உங்கள் பக்கத்துப் பனைகளிலும் பாளை சீவ ஆரம்பிக்கிற நேரம். சம்பந்தியை ஒருநாள் விடியற்காலையில் காட்டுக்கு அழைத்துப்போய், சுண்ணாம்பு தடவின கலயத்தை இறக்கிக் காட்டுங்கள். மொழிபெயர்க்க மகள்கூடத் தேவைப்படாது.