ஓடிக்கொண்டிருக்கையில் நின்றுவிடும் பழைய மோட்டார் சைக்கிள்: பெற்றோல் வரத்தைச் சோதிப்பது எப்படி?

நல்லூரில் புறப்பட்டால் கோப்பாயை அடைவதற்குள் நின்று, பத்து நிமிடம் கழித்து மீண்டும் இயங்கும் வண்டியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பெற்றோலைக் காற்றுடன் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேற்றரைக் கழற்றுமுன், வண்டி நின்ற இடத்திலேயே பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டு, உடனே எஞ்சின் இயங்கினால், மூடியின் காற்றுத்துளை அடைபட்டு, தாங்கிக்குள் குறைந்த அழுத்தம் பெற்றோலை இறங்கவிடாமல் பிடித்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இல்லையெனில், எஞ்சின் ஆறியபின், நெருப்பு அண்டாத இடத்தில், காபரேற்றரில் சேரும் குழாயைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் பிடியுங்கள். பெற்றோல் சீராக ஓடாமல் சொட்டினால், தாங்கியின் அடியிலுள்ள வடியில் துரு படிந்திருக்கக்கூடும். மாரி முழுதும் அரைத்தாங்கியுடன் நின்ற வண்டிகளில் இது வழக்கம்தான். நன்றாக ஓடினால் மட்டுமே காபரேற்றரின் அடியில் பெற்றோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்தைத் திறவுங்கள். அதன் அடியில் மணிமணியாக உருள்வது தண்ணீர். பெற்றோலை அளந்து விடும் நுண்துளைத் திருகாகிய ஜெற்றைக் கம்பியால் குத்தினால் துளை பெருத்துவிடும், காற்றடித்தாலே போதும்.