கடைவாய்ப் பல்லும் நாய்க்கடி ஊசியும்

கேள்வி: முந்தாநாள் தெருநாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. அன்றே அரசு மருத்துவமனையில் ஊசி போட்டார்கள். நாளை இரண்டாவது ஊசி. இதற்கிடையே கடைவாய்ப் பல் வலி உயிரை எடுக்கிறது. பல் வலியோடு ஊசி போட்டால் ஆகாது, வலி தீர்ந்தபின் போ என்கிறார் மாமியார். மீனும் கூடாதாம். மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரைகளைச் சாப்பிடுகிறேன். என்ன செய்வது, டாக்டர்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இந்த மின்னஞ்சலைப் பார்த்த உடனே வாசகியிடம் பேசிவிட்டேன். இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்கிற விஷயமா இது? மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

நாளைக்கே போங்கள். பல் வலி அல்ல, காய்ச்சலே அடித்தாலும் நாய்க்கடி ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. ஃப்ளூ ஊசி என்றால் கடும் காய்ச்சல் தணியட்டும் என்று நானே சொல்வேன். நாய்க்கடியால் வரும் வெறிநோய் (ரேபிஸ்) அப்படியில்லை, அறிகுறி தோன்றிவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. முதல் ஊசி போட்ட நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் இரண்டு கைகளிலும் தோலுக்குள் போடுகிறார்கள். ஒரு பக்கத்துக்கு 0.1 மில்லி, அவ்வளவுதான். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்ட காலத்தை உங்கள் மாமியார் பார்த்திருப்பார். அந்தப் பயம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது. ஏற்கெனவே ஒரு தவணையைத் தவறவிட்டவர்களும் இன்றே போகலாம், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

எனக்குக் கவலை அந்த மாத்திரைகள்தான். பல் வலி என்று கேட்டால் சில கடைகளில் காகிதத்தில் மடித்து நாலைந்து மாத்திரை கொடுப்பார்கள். பெயர் கூட இருக்காது. அதில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. அது தடுப்பூசியின் பலனைக் குறைக்கக்கூடும். அந்தப் பொட்டலத்தைத் தூக்கிப் போடுங்கள். பாராசிட்டமால் போதும், அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை எழுதிக் கொடுத்தாலும் இந்த ஊசிக்குத் தடையில்லை. கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் தொட்டுச் சொத்தைக் குழிக்குள் மட்டும் வையுங்கள். ஈறில் பட்டால் வெந்துவிடும்.

கன்னம் வீங்கி, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றபடி, ஊசி போட்ட அதே நாளில் மரத்துப்போக வைத்துப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளலாம். நாய் கடித்ததையும் ஊசி போட்டுக்கொள்வதையும் பல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

மீனா? தாராளமாகச் சாப்பிடுங்கள், அந்தப் பல்லால் மெல்ல முடிந்தால்!