வெளிச்சத்தில் இறங்குங்கள்

வணக்கம் ஐயா,

தலவாக்கலையிலிருந்து எழுதுகிறேன். ஏப்ரல் விடுமுறைக்கு வான் பிடித்து, கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று ஐந்து பேரும் கிழக்குக் கரைக்குப் போகிறோம். இரவு பத்து மணிக்குப் புறப்பட்டு நுவரெலியா, வெலிமடை, எல்ல, வெல்லவாய வழியாக விடிய அறுகம்பை. பிறகு காடு, அப்படியே மட்டக்களப்பு, திருகோணமலை. மொத்தம் நாலு நாள். வளைவு ரோட்டில் மாமிக்கு வாந்தி வரும், தூங்கிக்கொண்டே போய்விட்டால் நல்லது என்றுதான் இரவுப் பயணம். காடு பார்க்க யால நல்லதா, குமண நல்லதா?

ஒரு வாசகி

அன்புள்ள மகள்,

குமண. பாணமை தாண்டி உகந்தையில்தான் அதன் வாசல், முருகனையும் கும்பிட்டுக்கொள்ளலாம். பகலில் போனால் நாலு நாள் எல்லாவற்றுக்கும் போதாது, அதனால் திருகோணமலையை இந்த முறை விட்டுவிடுங்கள்.

அந்த "இரவு பத்து மணி"யை வாசித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. 2025 மே மாதம் கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன பஸ், றம்பொடை பக்கம் கெரண்டி எல்லவில் விடியும் முன்னே பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதே வருடம் செப்டம்பரில், நீங்கள் எழுதியிருக்கும் அதே எல்ல–வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ். அதுவும் இரவில்தான். பதினைந்து உயிர். நாலு மாதத்துக்குள் இவ்வளவு நடந்த பிறகும் நம் வீடுகளில் "ஒரு நாள் மிச்சம்" என்று சொல்லிக்கொண்டு பிள்ளைகளை இருட்டில் ஏற்றுகிறோம். பகலெல்லாம் ஓடிக் களைத்த டிரைவரை நம்பி நீங்கள் பின் சீட்டில் தூங்குவீர்கள். அவர் தூங்காமல் இருக்க வேண்டும்!

பயம் மட்டும் காரணம் இல்லை.

நான் பிறந்தது ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம். எங்கள் மலையில் நின்றால் தெற்கே சமவெளி முழுக்கத் தெரியும். மழை விட்ட காலைகளில் அதன் கடைசியில் வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு கோடு மின்னும். அப்பாயி அதைப் பார்த்துக்கொண்டே நாற்பது வருடம் கொழுந்து பறித்தவள். அது கடல் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. எனக்குப் பத்து வயதில் தோட்டத்தாரெல்லாம் சேர்ந்து கதிர்காமத்துக்கு பஸ் பிடித்தார்கள். இரவில்தான் புறப்பட்டோம். நானும் தூங்கினேன், அப்பாயியும் தூங்கினாள். கண் விழித்தபோது வெயிலும் புழுதியும். கதிர்காமம் எங்கள் ஊரிலிருந்து எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது நல்ல பகல். தியலும நீர்வீழ்ச்சிக்குக் கிட்ட எஞ்சின் சூடேறி பஸ் நின்றுவிட்டது. 220 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிற தண்ணீரை எல்லாரும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்க, அப்பாயி மட்டும் வேறு பக்கம் திரும்பி மேலே மலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நாப்பது வருசம் மேலருந்து கீழ பாத்தேன்டா. இன்னைக்குத்தான் கீழருந்து மேல பாக்குறேன்" என்றாள். அதற்குப் பிறகு வீடு வரும்வரை பேசவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதனால்தான் சொல்கிறேன், எல்ல வழியாக வேண்டாம். ஹப்புத்தளையிலிருந்து பெரகல, கொஸ்லாந்தை, தியலும வழியாக வெல்லவாயவுக்கு இறங்குங்கள். சுமார் நாற்பது கிலோமீற்றருக்குள் ஆயிரம் மீற்றருக்கு மேல் இறங்குவீர்கள். மேலே சுவெட்டர், கீழே வேர்வை. தேயிலை முடிந்து புல்வெளி, புல்வெளி முடிந்து காடு, பிறகு வெக்கை அடிக்கிற வறண்ட பூமி. கண்ணாடியை இறக்கிவிட்டால் காற்றின் வாசனை மாறுவது பிள்ளைகளுக்கே தெரியும். ஒரு தேசத்தின் இரண்டு காலநிலையை ஒரே காலையில் பார்க்கிற பிள்ளையை இருட்டில் தூங்கவைத்துக் கொண்டுபோவது பாவம், மகள்.

கொஸ்லாந்தையில் கட்டாயம் நிறுத்துங்கள். 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தையில் மண் சரிந்து தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள் புதைந்தது அங்கேதான். பள்ளிக்கூடம் போயிருந்ததால் தப்பிய பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றவர்களும் இல்லை. உங்கள் பிள்ளைகளுக்கு என்ன வயது என்று எழுதவில்லை. எந்த வயதானாலும் சொல்லுங்கள். நம்முடைய ஆட்கள் அந்த மண்ணுக்குள் இருக்கிறார்கள். அந்த இடத்தை இரவு இரண்டு மணிக்குக் குறட்டையோடு தாண்டிப் போகக் கூடாது.

மாமிக்கு வருகிறேன். வளைவில் வாந்தி வருகிறவரைப் பின் சீட்டில் இருட்டில் வைத்தால் இன்னும் மோசமாகத்தான் வரும். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள், பார்வை ரோட்டில் இருக்கட்டும். வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். கையில் ஒரு தேசிக்காய் கொடுங்கள். அரை மணிக்கு ஒரு தரம் நிறுத்தி இறங்கி நடக்கவிடுங்கள். நேரம் போகிறதே என்று யாரும் அவர் முகத்துக்கு முன்னால் சொல்லக் கூடாது.

விடிய ஐந்தரைக்குப் புறப்படுங்கள். ஏப்ரலில் நம் பக்கம் பின்னேரம் இடி மழை வரும், அதற்குள் மலையை விட்டு இறங்கிவிட வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே போகாமல் கியரையும் குறைத்து இறக்கச் சொல்லுங்கள். மொனராகலையில் சாப்பாடு. லாகுகலைக் குளத்துக்கு யானைகள் பின்னேரம்தான் வரும், ஆனால் அந்த வீதியையும் இருட்டுக்கு முன்னே தாண்டிவிடுங்கள்.

மாமி கடல் பார்த்திருக்கிறாரா? கடிதத்தில் அதை எழுதவில்லை. கேட்டு எனக்கு எழுதுங்கள்.