ஹார்வர்டில் இடம் கிடைக்காத பையனுக்கு லிங்கன் எழுதிய கடிதம்

அன்புள்ள அம்மா,

ஆசைப்பட்ட கல்லூரியில் இடம் கிடைக்காததால் உங்கள் பையன் மூன்று நாளாக யாருடனும் பேசுவதில்லை, அவனிடம் என்ன சொல்வதென்றே தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்கு ஆபிரகாம் லிங்கன்தான் நினைவுக்கு வந்தார்.

அவர் பள்ளிக்குப் போன நாட்களையெல்லாம் கூட்டினாலும் ஒரு வருடம் தேறாது. சட்டப் புத்தகங்களை இரவல் வாங்கித் தானாகவே படித்து 1836-இல் வக்கீல் ஆனவர். அவருடைய மூத்த மகன் ராபர்ட், 1859-இல் ஹார்வர்டு நுழைவுத் தேர்வில் தேறவில்லை. எக்ஸிட்டர் என்ற ஊரில் ஒரு பள்ளியில் ஒரு வருடம் தயாராகி, 1860-இல் சேர்ந்துவிட்டான். கூடப் படித்த ஜார்ஜ் லேதமுக்குத்தான் இடம் கிடைக்கவில்லை.

லிங்கன் அப்போது அமெரிக்க அதிபர் வேட்பாளர். நாடு இரண்டாக உடையும் நிலை. அந்த நெருக்கடியிலும் ஜூலை 22 அன்று உட்கார்ந்து ஜார்ஜுக்குக் கடிதம் எழுதினார். எதற்குப் பின் எதைச் சொல்கிறார் என்று பாருங்கள். செய்தி கேட்டுத் தனக்கு எவ்வளவு வலித்தது என்பது முதலில். உன்னால் கட்டாயம் முடியும் என்பது அடுத்து. அப்புறம், கல்லூரித் தலைவர் அன்பான மனிதராகத்தான் இருப்பார், நேரில் போய்ப் பார்த்தால் தடையைத் தாண்ட வழி சொல்வார் என்கிறார். சுலபமாக உள்ளே போனவர்களைவிட நீ நன்றாக வர முடியாது என்பதற்கு இந்தத் தோல்வி சாட்சியாகாது என்றும் எழுதுகிறார். ‘என் மகன் ஜெயித்துவிட்டான் பார்’ என்று ஒரு வரிகூடக் கிடையாது. வீட்டில் நாம் சறுக்குவது இங்கேதான்.

உள்நாட்டுப் போரின் நடுவிலும் அவர் இப்படி எழுதினார். 1862 ஜூன் 28 அன்று, எதிர்த்தரப்பின் தலைநகரான ரிச்மண்ட் அருகே கடும் சண்டை நடந்துகொண்டிருந்த நாட்களில், வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் மனம் ஒட்டாமல் தவித்த ஒரு மாணவனுக்குத் தைரியம் சொன்னார். எடுத்த முடிவை விட்டுவிடாதே என்றார்.

‘விட்டுவிடாதே’ என்பதில் மட்டும் நான் கொஞ்சம் நின்று கேட்பேன். இந்தப் படிப்பு பையனின் ஆசையா, உங்கள் ஆசையா? அவன் ஆசைதான் என்றால் ஒரு வருடம் கொடுங்கள். ராபர்ட்டுக்கும் அது தேவைப்பட்டது. இல்லையென்றால் வேறு படிப்பைப் பார்ப்போம், தப்பே இல்லை.

இன்று ராத்திரி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ‘எனக்கும் வலிக்குதுப்பா’ என்று மட்டும் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பையனின் மார்க்கை இழுக்க வேண்டாம். சனிக்கிழமை அவனையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். மதிப்பெண் பட்டியலை மறக்காமல் எடுத்து வாருங்கள், எந்தப் பாடத்தில் விட்டான் என்று சேர்ந்து பார்ப்போம்.