செனான் ஏன் சுலபமாகத் திரவமாகிறது?

கேள்வி: பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகள், "செனான் கனமானது, அதனால்தான் ஹீலியத்தைவிடக் கொதிநிலை அதிகம்" என்று எழுதினாள். மதிப்பெண் இல்லை. 'முனைவுறும் தன்மை' என்று எழுத வேண்டுமாம். மந்த வாயுவுக்கு முனை எங்கிருந்து வந்தது ஐயா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: முப்பது வருடம் வேதியியல் பாடம் எடுத்தேன், இந்தக் 'கனமானது' என்ற விடையை வருடம் தவறாமல் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள்மேல் தப்பில்லை. முனைவுறும் தன்மை என்றால், அணுவின் எலக்ட்ரான் மேகம் வெளியிலிருந்து வரும் இழுப்புக்கு எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்பது. மந்த வாயுத் தொகுதியில் கீழே போகப்போக எடை, முனைவுறும் தன்மை இரண்டுமே கூடுகின்றன. பிரித்துப் பார்க்க ஆர்கானையும் பொட்டாசியத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். அணு எடை ஆர்கானுக்கு 39.95, பொட்டாசியத்துக்கு 39.10. ஆர்கான்தான் கொஞ்சம் கனம். ஆனால் பொட்டாசிய அணுவின் முனைவுறும் தன்மை ஆர்கானைப்போல் சுமார் 26 மடங்கு! அதன் கடைசிக் கூட்டில் தனியாக இருக்கும் ஓர் எலக்ட்ரானை அணுக்கரு அவ்வளவு தளர்வாகப் பிடித்திருக்கிறது.

முளைக்குச்சியில் கட்டிய மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு குட்டையாக இருந்தால், புல்லுக்கட்டைக் காட்டினாலும் கழுத்தை மட்டும்தான் நீட்டும். நீளமாக இருந்தால் அந்தப் பக்கமே வந்துவிடும். ஹீலியத்தின் 2 எலக்ட்ரான்களுக்கும் கயிறு குட்டை. செனானின் வெளிக்கூட்டுக்கு நீளம். அதன் மேகம் ஹீலியத்தைப்போல் சுமார் 20 மடங்கு வளைந்து கொடுக்கும்.

சரி, முனை எங்கிருந்து வந்தது? எலக்ட்ரான் மேகம் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கிறது. ஒரு கணம் ஒரு பக்கம் கூடுதலாகச் சாய்ந்தால், அந்தக் கணத்துக்கு அணுவில் இரு முனைகள். அதன் இழுப்பில் பக்கத்து அணுவின் மேகமும் சாயும், இரண்டும் ஈர்த்துக்கொள்ளும். 1930-ல் ஃப்ரிட்ஸ் லண்டன் விளக்கிய விசை இதுதான். மேகம் எவ்வளவு இளகியதோ அவ்வளவு ஈர்ப்பு. அதனால்தான் ஹீலியம் கொதிப்பது -269 டிகிரி செல்சியஸில், செனான் -108-ல். நீர் மூலக்கூறுக்கு முனை நிரந்தரம். செனானுக்கு வந்து வந்து போவது. பிள்ளைகள் குழம்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அப்புறம், உப்புப் பகுப்பாய்வில் சில்வர் நைட்ரேட் விடுவார்களே, அதையும் கவனிக்கச் சொல்லுங்கள். குளோரைடுக்குத் தயிர் போன்ற வெள்ளை வீழ்படிவு, புரோமைடுக்கு வெளிர்மஞ்சள், அயோடைடுக்கு நல்ல மஞ்சள். அயோடைடின் பெரிய, இளகிய மேகத்தைச் சில்வர் அயனி தன் பக்கம் இழுத்துக்கொள்வதில்தான் அந்த நிறம் பிறக்கிறது. மூன்று சோதனைக்குழாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கட்டும்.