சொத்தை இல்லை, ஆனாலும் பல் கூசுகிறது

கேள்வி: வயது 24. ரங்கூனில் செல்போன் கடையில் வேலை செய்கிறேன். ஆறு மாதமாகக் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே பல் கூசுகிறது. மேல் முன்பற்களின் நுனி கண்ணாடி போலத் தெரிகிறது. சொத்தை எதுவும் இல்லை என்கிறார்கள். தினமும் மூன்று வேளை பல் விளக்குகிறேன். காலையில் உடம்பு இளைக்க வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடிப்பேன், உடனே பல் விளக்குவேன். மதியம் ஒரு டின் எனர்ஜி டிரிங்க். வியாபாரத்துக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பதால் சாயங்காலம் வரை வரும். எப்போதாவது வெற்றிலை போடுவதால், சுண்ணாம்புதான் பல்லை அரிக்கிறது என்கிறார் அம்மா. சரியா?

பதில்: சுண்ணாம்பின் மேல் பழி போட வேண்டாம். அது காரம், பல்லைக் கரைப்பது அமிலம். வெற்றிலையை விடச் சொல்ல வேறு காரணங்கள் உண்டு, வாய்ப் புற்றுநோய் அதில் முதலாவது. கொட்டைப்பாக்கை மெல்லும்போது, ஏற்கெனவே இளகிய பல் இன்னும் வேகமாகத் தேயும் என்பதும் உண்மை. ஆனால் இளக வைத்தது வேறு.

சொத்தையில், வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலம் சுரக்கின்றன. உங்களுக்கு அந்த இடைத்தரகரே இல்லை. அமிலத்தை நேராக ஊற்றுகிறீர்கள். பல்லின் கெட்டியான வெளிப்பூச்சான எனாமல், சுமார் 5.5 பிஎச் அளவுக்குக் கீழே கரையத் தொடங்கும். பிஎச் என்பது அமிலத்தை அளக்கும் எண், குறையக் குறைய அமிலம் கூடும். எலுமிச்சைச் சாறு 2க்கும் 3க்கும் இடையில், எனர்ஜி டிரிங்க் 3, 3.5 அளவில் இருக்கும். பிஎச் ஒரு எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு. ‘சர்க்கரை இல்லாதது’ என்று எழுதிய டின்னிலும் சிட்ரிக் அமிலம் இருக்கும்; பல்லுக்கு இரண்டும் ஒன்றுதான். வெந்நீரில் பிழிவது இன்னும் மோசம், சூட்டில் கரைவது வேகமாகும்.

இதில் பலர் கோட்டை விடுவது அளவில் அல்ல, நேரத்தில். ஒவ்வொரு மடக்குக்குப் பிறகும் உமிழ்நீர் அமிலத்தைக் கழுவித் தணிக்கச் சில நிமிடங்கள் வேண்டும். அதற்குள் அடுத்த மடக்கு. ஒரே டின்னைச் சோற்றோடு பத்து நிமிடத்தில் குடித்து முடிப்பவரைவிட, மூன்று மணி நேரம் உறிஞ்சும் உங்கள் பல்தான் அதிகம் கரையும். சாப்பாட்டுக்குப் பின் வாயில் ஒதுக்கிக்கொள்ளும் பகான் புளி வில்லையும், உப்பு மிளகாய்ப்பொடி தொட்ட மாங்காயும் இதே கணக்கில்தான் சேரும். மோஹிங்காவில் (மீன் குழம்பு நூடுல்ஸ்) பிழியும் எலுமிச்சைக்குப் பயப்பட வேண்டாம். அது சாப்பாட்டோடு போய்விடும். டீக்கடை பால் டீயும் பல்லை அரிக்காது. அதிலுள்ள கண்டென்ஸ்டு மில்க் சொத்தைக்குத்தான் வழி.

அடுத்த தவறு, எலுமிச்சை குடித்த கையோடு பல் விளக்குவது. அமிலம் பட்ட எனாமலின் மேல்தோல் இளகி நிற்கும். பிரஷ் அதைச் சீவி எடுத்துவிடும். வெறும் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் பொறுங்கள். காலையில் எழுந்ததும் முதலில் பல் விளக்கிவிடுவது இன்னும் எளிது. எலுமிச்சைத் தண்ணீரையே விட்டுவிட்டாலும் நஷ்டமில்லை, அதனால் உடம்பு இளைக்காது.

இன்றிரவு டார்ச் அடித்துக் கண்ணாடியில் பாருங்கள். கீழ்க் கடைவாய்ப் பற்களின் மேட்டில் சின்னக் கிண்ணம் போலக் குழி இருக்கிறதா? சொத்தைக்கு முன்பு அடைத்த பழைய அடைப்பு (ஃபில்லிங்) இருந்தால், அது சுற்றியுள்ள பல்லைவிட மேடாகத் துருத்துகிறதா? இரண்டும் அமில அரிப்பின் அடையாளம். பிறகு மேல் முன்பற்களின் உட்புறத்தை நாக்கால் தடவுங்கள். வெளிப்புறத்தைவிட உட்புறம் அதிகம் வழவழவென்று தேய்ந்திருந்தால், வயிற்று அமிலம் மேலே வருகிறது என்று சந்தேகிக்க வேண்டும். நெஞ்செரிச்சல், காலையில் வாய்ப் புளிப்பு, அடிக்கடி வாந்தி இருந்தால் பல் மருத்துவரோடு பொது மருத்துவரையும் பாருங்கள்.

எனர்ஜி டிரிங்க் வேண்டுமென்றால் குளிர வைத்து, சோற்றோடு ஒரே மூச்சில் முடியுங்கள். வாயில் கொப்பளிக்காதீர்கள். ஸ்ட்ரா போட்டால் அதன் நுனி நாக்கின் நடுவுக்குப் போக வேண்டும். முன்பல்லுக்குப் பின்னால் வைத்தால் பயனில்லை. கடையில் தாகத்துக்குத் தண்ணீர் மட்டும். புளிப்பு தின்ற பிறகு அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவை ஒரு தம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொப்பளிக்கலாம்.

மூன்று வேளை வேண்டாம், இரண்டு போதும். மென்மையான பிரஷ், பட்டாணி அளவு பேஸ்ட். அதில் ஃப்ளூரைடு 1450 பிபிஎம் வரை இருக்கட்டும். கரி பேஸ்ட், உப்பு, பல்பொடி, வெண்மையாக்கும் பேஸ்ட் எல்லாம் உங்கள் பல்லுக்கு உப்புத்தாள். இரவில் விளக்கியபின் துப்பிவிடுங்கள், தண்ணீரால் கொப்பளிக்காதீர்கள். பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட் கூச்சத்தைக் குறைக்க இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும். மூன்றாம் நாளே கைவிடாதீர்கள்.

போன எனாமல் திரும்ப வளராது. இளகியது கொஞ்சம் இறுகும், தேய்வது நிற்கும், அவ்வளவுதான். மெலிந்த நுனியைப் பல் நிறக் கலவையால் கட்டலாம். அமிலப் பழக்கம் நின்ற பிறகு கட்டினால்தான் அது நிலைக்கும். சூடு பட்டபின் வலி நிமிடக்கணக்கில் நீடித்தாலோ, ராத்திரியில் தானாகக் குடைந்து எழுப்பினாலோ தள்ளிப்போடாமல் போய்க் காட்டுங்கள், நரம்பு பாதித்திருக்கலாம்.