அம்மாவின் 70 வருடம், ஒன்றரை நிமிட வீடியோவில்

கேள்வி: வரும் தை மாதம் அம்மாவுக்கு 70 முடிகிறது. சின்ன வயதிலிருந்து இன்றுவரை அவர் முகம் மாறிவந்ததை வீடியோவாக்கப் பார்க்கிறேன். 24 படங்கள் தேறின. மொபைல் ஆப்பில் வரிசையாகப் போட்டால் முகம் அங்குமிங்கும் குதிக்கிறது. நடுவில் பத்து வருடத்துக்குப் படமே இல்லை. சில படங்கள் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. என்ன செய்யலாம்? — ரங்கூன் வாசகர்

பதில்: குதிப்பது ஆப்பின் கோளாறு அல்ல. படத்துக்குப் படம் கண்கள் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. பார்ப்பவர் பார்வை முதலில் கண்ணுக்குத்தான் போகும். அது நகர்ந்தால் படம் மாறியதுதான் தெரியும், வயது ஏறியது தெரியாது. 1920×1080 பிக்சல் (படப் புள்ளி) அளவுள்ள வீடியோ சட்டத்தில் முதல் படத்தின் கண்மணிகளை இடமிருந்து 880, 1040 பிக்சலிலும் மேலிருந்து 430 பிக்சலிலும் நிறுத்துங்கள். அடுத்த படத்தை அதன்மேல் பாதி ஒளி ஊடுருவும்படி வைத்து, சுழற்றி, பெரிதாக்கி, கண்மேல் கண்ணாகப் பொருத்துங்கள். முகம் பக்கவாட்டில் திரும்பிய படத்தில் மட்டும் இந்தக் கணக்கு ஏமாற்றும். கண்களின் இடைவெளி அங்கே சுருங்கித் தெரியும். அதை 160 பிக்சலுக்கு இழுத்தால் தலை பூசணிக்காயாகிவிடும். அங்கே கண்ணிலிருந்து மோவாய்வரை உள்ள உயரத்தை முந்தைய படத்தோடு ஒத்துப்பாருங்கள். அடையாள அட்டை, பாஸ்போர்ட் படங்கள் அழகாக இராது. ஆனால் நேர்முகமாக இருப்பதால் இந்த வேலைக்கு அவைதான் முதல் தரம். அட்டை எண் சட்டத்துக்குள் வராமல் வெட்டிவிடுங்கள்.

கண்ணாடியில் ஒட்டிய படத்தைப் பிய்க்கவே வேண்டாம். மேலே உள்ள ஜெலட்டின் பூச்சு மழைக்கால ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பிடித்திருக்கிறது. பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். மரச்சட்டத்தை மட்டும் கழற்றி, கண்ணாடியோடு அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்துங்கள். தண்ணீரில் ஊறவைக்கச் சொல்பவர்கள் இருப்பார்கள். பூஞ்சை பிடித்த ஜெலட்டின் ஊறினால் கரையும். ஸ்டூடியோவில் கையால் வண்ணம் தீட்டிய படமானால் கன்னத்துச் சிவப்பும் சேலைக் கரையும் கழுவிக்கொண்டு போகும்.

தனிப் படங்களை ஸ்கேன் செய்ய 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும். கல்யாணக் குழுப் படத்தில் முகம் 1 செ.மீ. அகலம்தான் இருக்கும், 600-இல் அது 236 பிக்சல். நமக்கு வேண்டியது 350-க்குக் குறையாமல். ஆகவே அதற்கு 1200 வையுங்கள்.

எழுபதுகளின் கலர் படங்கள் பல செக்கச்செவேலென்று இருப்பதற்குக் காரணம், அவற்றிலுள்ள நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கியதுதான். சிவப்பைக் கையால் கொஞ்சம் குறையுங்கள். ‘ஆட்டோ’வைத் தொடாதீர்கள். கன்னத்தில் ‘தனக்கா’ என்னும் பர்மிய மரப்பட்டைக் குழம்பு பூசிய படத்தில் அது மஞ்சளைக் கறையென்று எண்ணி முகத்தையே நீலமாக்கிவிடக்கூடும்.

இனி அந்தப் பத்து வருடம். 1964-இல் பர்மாவில் கடைகளும் வியாபாரமும் அரசுடைமையான பிறகு கப்பலேறிய சொந்தக்காரர்கள் பலர் ஆல்பத்தையும் எடுத்துக்கொண்டுதான் போனார்கள். பிறகு இங்கிருந்து கடிதத்தோடு போன படங்களும் அவர்களிடம்தான் இருக்கும். சென்னையிலோ காரைக்குடியிலோ உறவுக்காரர்கள் இருந்தால் கேளுங்கள். வாட்ஸ்அப்பிலோ வைபரிலோ ‘போட்டோ’வாக அனுப்பினால் சுருங்கிவிடும், ‘டாகுமென்ட்’ அல்லது ‘ஃபைல்’ என்று அனுப்பச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் இடைவெளி இருக்கட்டும். ஒரு முகத்தை இன்னொன்றாக உருக்கும் ஆப்களைக் கொண்டு அதை நிரப்பினால் வருவது அம்மாவின் முகம் அல்ல, கணினியின் ஊகம். அதற்குப் பதில் அந்தக் காலத்தில் குடியிருந்த வீடு, வேலைசெய்த கடை ஆகியவற்றின் படத்தைப் போட்டு, அம்மாவையே 20 வினாடி பேசவிடுங்கள். மொபைலை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். தெருவில் ஜெனரேட்டர் ஓடினால் துணி அலமாரி உள்ள அறைக்குப் போய்விடுவது நல்லது.

இன்றைய படத்தில்தான் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறார்கள். பல மொபைல்களில் முகத்தை மெருகேற்றும் ‘பியூட்டி’ வசதி வாங்கும்போதே போட்டிருக்கும். அதை அணைக்காவிட்டால் 70 வயது அம்மா 55 வயதுப் படத்தைவிட இளமையாகத் தெரிவார், வீடியோவே குட்டிச்சுவர். 2 மடங்கு ஜூமில், 2 மீட்டர் தள்ளி நின்று எடுங்கள். பக்கத்தில் போனால் மூக்கு பெரிதாகத் தெரியும். வெளிச்சம் பக்கவாட்டில் வந்தால் சுருக்கங்கள் உள்ளதைவிட ஆழமாகத் தெரியும். பழைய ஸ்டூடியோ படங்களைப்போல முன்னாலிருந்து, சற்று மேலிருந்து வரட்டும். டியூப்லைட்டில் பேச வைத்து வீடியோ எடுத்தால் பட்டை பட்டையாக மினுக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50 வினாடியில் வையுங்கள்.

ஒரு படத்துக்கு 5 வினாடி, அதில் அடுத்ததோடு கலப்பது 1 வினாடி, அப்போது இரண்டு படமும் சேர்ந்தே ஓடும். 24 படத்துக்கு 97 வினாடி. படம் நிற்கும்போது மெல்ல ஜூம் ஆகும் ‘எஃபெக்ட்’ எதுவும் வேண்டாம், கண் மறுபடி நகர்ந்துவிடும். பேச்சுக்கு அடியில் பாட்டும் வேண்டாம். வினாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் ஏற்றுமதி செய்தால், பேச்சுப் பகுதி சேராமல், சுமார் 120 எம்பி வரும். அதை பென்டிரைவில் வைத்துக்கொண்டு, அனுப்புவதற்குச் சிறியதாகத் தனி நகல் எடுங்கள்.